வட்டத்தில் கேட்ட மன்னிப்பு

அக்கா அந்தப் பெரிய பள்ளிக்கூடத்தை விட்டு வெளியேறியது ஒரு வியாழக்கிழமை. அடுத்த வாரம் அரையாண்டுத் தேர்வு. அந்த நேரத்தில் ஒரு கணக்கு ஆசிரியை வேலையை விடுவாள் என்று யாரும் எதிர்பார்க்கமாட்டார்கள். தலைமையாசிரியரும் எதிர்பார்க்கவில்லை. அவள் நீட்டிய கடிதத்தைப் பிரித்துக்கூடப் பார்க்காமல், "எத்தனை நாள் லீவு?" என்று கேட்டாராம்.

"எல்லா நாளும் சார்" என்றாளாம் அக்கா.

அவளுடைய சாமான்களை ஏற்றிக்கொண்டு வர வண்டியோடு நான் போயிருந்தேன். பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு துணிப்பை, ஒரு பிளாஸ்க், கரும்பலகையில் வட்டம் போடுகிற மரக் காம்பஸ். அதை என் கையில் கொடுத்துவிட்டு முன்னால் நடந்தாள். நீளமான தாழ்வாரம். இரண்டு பக்கமும் வகுப்பறைகள். நாங்கள் நடக்க நடக்க ஒவ்வொரு வகுப்பாகச் சத்தம் அடங்கியது. யாரோ எங்களுக்கு முன்னால் போய் சுவிட்சை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு போவது போலிருந்தது.

"என்னக்கா, மந்திரி வந்த மாதிரி இருக்கு. இவ்வளவு மரியாதையா உனக்கு?"

"வாயை மூடிட்டு வாடி" என்றாள். குரல் கரகரவென்று வந்தது. வாசலுக்கு வந்து வண்டியில் ஏறினாள். வழியில் என் தோளைப் பிடித்திருந்த கை இறுகிக்கொண்டே வந்தது.

அவளுக்குப் பிள்ளைகள் வைத்திருந்த பெயர் ஃபேன் மிஸ். அவள் வகுப்பில் மின்விசிறி சுற்றுகிற சத்தம் மட்டும்தான் கேட்குமாம். அந்தப் பெயர் அவளுக்குத் தெரியும். கொஞ்சம் பெருமைகூட உண்டு. பக்கத்து வகுப்பு ஆசிரியர்கள் தங்கள் வகுப்பு சந்தைக்கடையாக இருப்பதைச் சொல்லிப் புலம்பும்போது, அக்கா சாவகாசமாகத் தேநீர் குடிப்பாள். அவள் ஒரு பிள்ளையையும் அடித்ததில்லை. அதட்டியதுகூட இல்லை. கேள்வி கேட்பாள். கேட்ட பிள்ளையைப் பார்த்துக்கொண்டே நிற்பாள். பதில் வரும்வரை பார்ப்பாள். அவ்வளவுதான். வீட்டில் நானும் அந்தப் பார்வையில் வளர்ந்தவள்தான். டப்பாவிலிருந்து பிஸ்கட் எடுத்தது யார் என்று அம்மா கேட்டால் கடைசிவரை வாய் திறக்கமாட்டேன். அக்கா கேட்டால், எடுக்காத பிஸ்கட்டையும் எடுத்ததாக ஒப்புக்கொண்டுவிடுவேன்.

அவள் வேலையை விட்டதற்குக் காரணம் அவளுடைய தொண்டை. குரல்வளை வீங்கிவிட்டது, கொஞ்ச நாளைக்கு ஒரு வார்த்தை பேசக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தேர்வு நெருங்குகிறது, விடுப்பு எடுக்க மனமில்லை. பேசாமலேயே பாடம் நடத்தினாள். கரும்பலகையில் எழுதுவாள், பிள்ளைகள் பார்த்து எழுதிக்கொள்வார்கள். குரல் இல்லாத ஆசிரியை கிடைத்தால் வேறு எந்த வகுப்பும் திருவிழாக் கொண்டாடியிருக்கும். அவள் வகுப்பில் அன்றும் ஃபேன்தான் ஓடியது.

ஒருநாள் பலகை நிறையக் கணக்கைப் போட்டுவிட்டு, கடைசி பெஞ்சுக்குப் பின்னால் போய் நின்றிருக்கிறாள். அங்கிருந்து பலகையைப் பார்த்தவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரண்டாவது வரியில் பன்னிரண்டையும் ஏழையும் பெருக்கி எழுபத்துநான்கு என்று எழுதியிருந்தாள். அந்தத் தப்பு கீழே இறங்கி விடைவரை போயிருந்தது. பெஞ்சு பெஞ்சாகக் குனிந்து பார்த்தாள். எல்லா நோட்டிலும் எழுபத்துநான்கு. எந்தக் கணக்கிலும் மார்க் குறையாத முதல் பெஞ்சுப் பையன் நோட்டிலும் எழுபத்துநான்கு.

பலகையில் போய் எழுதினாள்: 'இது தப்பு என்று தெரிந்தவர்கள் கை தூக்குங்கள்.'

ஒரு கை. இன்னொரு கை. அப்புறம் பாதி வகுப்பு. முதல் பெஞ்சுப் பையனைப் பார்த்து, ஏன் சொல்லவில்லை என்று கையாலேயே கேட்டாள். அவன் எழுந்து நின்று, "தெரியும் மிஸ். ஆனா நீங்க போட்டிருந்தீங்களே" என்றான்.

மூன்றாவது வரிசையில் ஒல்லியாக ஒரு பெண். அவளும் கை தூக்கியிருந்தாள். அந்தக் கை கிடுகிடுவென்று ஆடிக்கொண்டிருந்தது. பரவாயில்லை, கையைக் கீழே போடு என்று சொல்லத்தான் அக்கா அவளருகே போனாள். சொல்லக் குரல் இல்லை. தோளைத் தொடலாம் என்று கையை நீட்டினாள். அந்தப் பெண் சட்டென்று குனிந்து இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டாள்.

"நான் யாரையாவது அடிச்சிருக்கேனா? நீயே சொல்லு. ஒருத்தரையாவது அடிச்சிருக்கேனா?" அன்று சாயந்திரம் பேசக்கூடாது என்ற டாக்டரின் கட்டளையை மீறி அக்கா என்னிடம் கேட்டது இதைத்தான்.

குரல் முழுதாகத் திரும்புவதற்குள் வேலையை விட்டுவிட்டாள்.

ஊருக்கு வெளியே, பேருந்து திரும்புகிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடம் இருந்தது. பழைய விதைக் கிடங்கைத் தடுத்து அறைகளாக்கியிருந்தார்கள். மணி கிடையாது, ரேங்க் கிடையாது, சீருடை கிடையாது. காலையில் எல்லோரும் மரத்தடியில் கொஞ்ச நேரம் சும்மா உட்காருவார்கள். அதன்பிறகு பாடம். பிறகு தோட்டம், தச்சு வேலை, பாட்டு, சமையலறையில் காய் நறுக்குவது. ஆசிரியர்களும் பிள்ளைகளும் ஒன்றாகத்தான் கூட்டுவார்கள், ஒன்றாகத்தான் தட்டுக் கழுவுவார்கள். தலைக்குள் ஏற்றுவது மட்டும் படிப்பில்லை, பிள்ளை முழுசாக வளரவேண்டும், பயம் இருக்கிற இடத்தில் எதுவும் வளராது என்பது அவர்கள் கொள்கை. அக்கா அங்கே சேர்ந்தாள்.

"மணி அடிக்காத பள்ளிக்கூடமா? அப்ப வீட்டுக்கு எப்படி அனுப்புவாங்க?" என்றாள் அம்மா.

"பசிச்சா தானா வந்துடும்மா" என்றேன் நான்.

"நீ பேசாதே. நீ பசிச்சும் வராத கேஸு."

அந்தப் பள்ளியை நடத்திய அம்மாளைப் பிள்ளைகள் சாவியக்கா என்பார்கள். இடுப்பில் எப்போதும் ஒரு கொத்துச் சாவி தொங்கும். பள்ளிக்கூடத்தில் ஒரு கதவுக்கும் பூட்டுக் கிடையாது. அத்தனையும் அவர் வீட்டு அலமாரிச் சாவிகள். அங்கே எல்லோரும் அக்கா, அண்ணன்தான். என் அக்கா ஒரே நாளில் அறுபது பேருக்கு அக்காவாகிவிட்டாள். பிறந்ததிலிருந்து நான் ஒருத்தி மட்டுமே கூப்பிட்டு வந்த பெயர். கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது.

அவளுக்கோ வேறு தொல்லை. அங்கே பிள்ளைகள் எதையும் கேட்பார்கள். மைனஸையும் மைனஸையும் பெருக்கினால் ஏன் ப்ளஸ் வருகிறது என்று ஒரு வாண்டு கேட்டுவிட்டான். இத்தனை வருஷம் சொல்லிக்கொடுத்த கணக்கு. ஏன் என்று அவளை யாரும் கேட்டதே இல்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்று வீட்டுக்கு வந்து, சமையலறைக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருந்தாள்.

"தெரியலைன்னு சொல்லிட வேண்டியதுதானே" என்றேன்.

"பயமா இருக்குடி. அது வாயில வரமாட்டேங்குது."

"அதுல என்ன பயம்?" என்றாள் அம்மா. "தெரியாததைத் தெரியலைன்னு நான் தினமும்தான் சொல்றேன். எனக்கென்ன கொம்பா முளைச்சிடுச்சு?"

சனிக்கிழமைகளில் ஆசிரியர்கள் கூடி, தங்களுக்கு எதற்குப் பயம் என்று பேசிக்கொள்வார்களாம். ஆசிரியருக்குப் பயம் போகாமல் பிள்ளைக்குப் போகாது என்பார் சாவியக்கா. தச்சு வேலை சொல்லித்தருகிற அண்ணன், ரம்பத்துக்குப் பக்கத்தில் பிள்ளைகள் நின்றால் தனக்கு வேலையே ஓடாது என்று சொன்னார். அக்கா முறை வந்தபோது, இடி என்றாள். சாவியக்கா சிரித்துவிட்டு அடுத்தவரிடம் போய்விட்டார். அது பொய் என்று அவர் கண்டுபிடித்துவிட்டது தனக்கும் புரிந்தது என்று அக்கா சொன்னாள்.

இப்படி ஒரு வருஷம் போனது. தெரியலை என்ற வார்த்தை அவள் வாயில் மெல்ல மெல்ல வரப் பழகியது. ஜூன் மாதம் புதுப் பிள்ளைகள் சேர்ந்தார்கள். அதில் ஒரு பெண்ணை அவளுடைய அம்மா கூட்டிக்கொண்டு வந்தாள். அந்த அம்மா ஒரு தையல்காரி. பெரிய பள்ளிக்குச் சீருடை தைப்பவளும் அவள்தான். மகள் தேர்வு நாட்களில் காலையில் சாப்பிட்டதையெல்லாம் வாந்தி எடுக்கிறாள், அதனால்தான் இங்கே சேர்க்கிறேன் என்று சாவியக்காவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அக்கா கையில் துடைப்பத்தோடு அறையிலிருந்து வெளியே வந்தாள். அந்தப் பெண் அவளைப் பார்த்தாள். திரும்பி வாசலைப் பார்த்து ஓட்டமெடுத்தாள்.

மூன்றாவது வரிசைப் பெண்தான்.

பேருந்து நிறுத்தம்வரை போய் அவளைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். அக்கா அவளுக்கு வகுப்பு எடுக்கமாட்டாள் என்று சாவியக்கா உறுதி சொன்னபிறகு பள்ளியில் சேர்ந்தாள். தையல்காரம்மா தைத்த சட்டைகளில் மிச்சம் விழுந்த பொத்தான்களைத்தான் மகள் சட்டைக்குத் தைத்திருப்பாள். ஒன்று நீலம், ஒன்று வெள்ளை, ஒன்று மரப்பொத்தான். பிள்ளைகள் அவளுக்குப் பொத்தான் என்று பெயர் வைத்தார்கள். அவளுக்கும் அது பிடித்துவிட்டது.

தச்சு அறையில் பொத்தான் வாயாடி. சிரித்தால் தகரக் கூரை அதிரும். சுவரில் பல்லி வந்தால் மற்ற பிள்ளைகள் அலறுவார்கள். அவள் வாலைப் பிடித்துத் தூக்கி ஜன்னலுக்கு வெளியே விடுவாள். தச்சு அறைக்கும் அக்காவின் அறைக்கும் நடுவே ஒரு மரத்தடுப்பு மட்டும்தான். அந்தச் சிரிப்பு வந்தால் அக்கா சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நிற்பாளாம். பிள்ளைகள், "அக்கா, சொல்லுங்கக்கா" என்று உலுக்குவார்கள். ஒருநாள் ஏதோ எடுப்பதுபோல அந்த அறை வாசலில் போய் நின்றிருக்கிறாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. மரம் இழைக்கிற இழைப்புளிச் சத்தம் மட்டும் கேட்டது. அதன்பிறகு அவள் அந்தப் பக்கம் போவதில்லை. தடுப்புக்கு இந்தப் பக்கமே நின்று கேட்டுக்கொள்வாள்.

"எனக்கு ஒண்ணும் வேண்டாம்டி" என்பாள். "நான் உள்ள போனா அவ சிரிக்கிறதை நிறுத்தக்கூடாது. அவ்வளவுதான். என்னைப் பார்த்து 'நீ போட்டது தப்பு'ன்னு ஒரு தடவை சொல்லிட்டான்னா, அப்புறம் நான் எதுவும் வேணும்னு கேட்கமாட்டேன்."

அதற்காக ஒரு தந்திரமும் செய்தாள். மழைநாளில் எல்லாப் பிள்ளைகளையும் ஒரே அறையில் உட்காரவைப்பார்கள். அப்போது பலகையில் வேண்டுமென்றே தப்பாகக் கணக்குப் போட்டாள். மற்ற வாண்டுகளுக்குக் கொண்டாட்டம். "அக்கா அவுட்டு" என்று கத்தினார்கள். பொத்தான் தலை குனிந்து, தப்பை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள்.

"அவ முட்டாள் இல்லை" என்றார் சாவியக்கா. "நீ வேணும்னே போட்டது அவளுக்குத் தெரியும். நீ எதுக்கோ காத்திருக்கேன்னும் தெரியும். அவளைக் கொஞ்ச நாள் விடேன்."

விடத்தான் அவளால் முடியவில்லை.

இதற்குள் நான் ஊர் ஊராகப் போய்க் கிடைத்த வேலையைச் செய்கிறவளாகியிருந்தேன்; என் முதல் பயணத்தை முடித்துவிட்டு, அடுத்ததற்குப் புறப்படுமுன் சில வாரங்கள் வீட்டில் இருந்தேன். சும்மா இருக்க முடியாமல் அக்காவோடு பள்ளிக்குப் போய்ச் சுவருக்கு வெள்ளையடித்தேன். அங்கே வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளைகளும் ஆசிரியர்களும் வட்டமாக உட்கார்ந்து, அவரவருக்கு எதற்குப் பயம் என்று ஒவ்வொருவராகச் சொல்வார்கள். சொல்லிவிட்டால் பாதிப் பயம் போய்விடும் என்பது சாவியக்காவின் நம்பிக்கை. நல்லெண்ணத்தில் ஆரம்பித்ததுதான். ஆனால் பிள்ளைகள் அதையும் பரீட்சையாக்கிவிட்டார்கள். நிலா கீழே விழுந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது என ஒரு பையன் சொல்ல, ஆசிரியர்கள் நெகிழ்ந்துபோனார்கள். அடுத்த வாரம் கடல் பொங்கியது, சூரியன் அணைந்தது, எலும்புக்கூடு கனவில் வந்து பேசியது. எல்லோரையும்விடச் சின்னவன் ஒருவன் ஓவென்று அழ ஆரம்பித்தான்.

"என்னடா ராசா?"

"எனக்கு ஒரு பயமும் வரலை. என்ன சொல்றதுன்னு தெரியலை."

பொத்தான் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஒரே பதில்தான் சொன்னாள். "பல்லி." தச்சு அண்ணன் சிரிப்பை அடக்கிக்கொண்டு மேலே பார்ப்பார். அக்கா தரையைப் பார்ப்பாள்.

அந்த நாட்களில் ஒருநாள் அக்கா வீட்டுக்கு வரும்போதே முகம் மாறியிருந்தது. செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தாள்.

"அவ என்கிட்ட பேசினாம்மா."

"யாரு?"

"பொத்தான். குழாயடியில தட்டு கழுவிட்டு இருந்தோம். பக்கத்துல வந்து நின்னா. சோப்பு தீர்ந்துடுச்சுன்னு சொன்னா."

அம்மா மேற்கொண்டு ஏதாவது வரும் என்று காத்திருந்தாள். "அப்புறம்?"

"அவ்வளவுதான். சோப்பு தீர்ந்துடுச்சு."

"இதுக்கா இவ்வளவு? என்கிட்ட தினமும் தீர்ந்துபோறதெல்லாம் யாரு கேட்கிறா?" என்றாள் அம்மா. அக்கா சிரித்தாள். சாப்பிடும்போதும் இரண்டு தடவை அதையே சொன்னாள். அந்தப் பெண் எந்தக் கையில் தட்டை வைத்திருந்தாள், சொல்லும்போது எங்கே பார்த்தாள், தான் போய் எப்படிப் புதுச் சோப்பு எடுத்துவந்தாள் என்பதையெல்லாம். மறுநாளும் அதற்கு மறுநாளும் குழாயடியில் அவள் பக்கத்திலேயே நின்றாளாம் பொத்தான். பேசவில்லை, ஆனால் நின்றாள்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை வட்டத்தில் நானும் இருந்தேன். கையெல்லாம் சுண்ணாம்போடு ஓரமாக உட்கார்ந்திருந்தேன். நிலா, பேய், இருட்டுக் கிணறு எல்லாம் முடிந்து பொத்தான் முறை வந்தது. "பல்லி" என்றாள். அடுத்து அக்கா. தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"நான் இவ்வளவு நாள் இடின்னு சொல்லிட்டு இருந்தேன். அது பொய். ஒரு பிள்ளை என்னைப் பார்த்துத் தலையை மூடிக்கிட்டா. நான் அவளை அடிச்சதில்லை. ஆனா அவ அப்படி மூடிக்கிற அளவுக்கு நான் என்னவோ செஞ்சிருக்கேன். அந்த மாதிரி இன்னொரு தடவை நடந்துடுமோன்னுதான் எனக்குப் பயம்." அப்புறம் பொத்தான் பக்கம் திரும்பினாள். "நான் உன்னைப் பயமுறுத்தினேன்மா. என்னை மன்னிச்சிடு."

அக்காவை அப்படி நான் பார்த்ததே இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. சாவியக்கா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். வட்டத்தில் இருந்த அத்தனை தலையும் பொத்தான் பக்கம் திரும்பியது. அறையில் ஒரு சத்தமும் இல்லை. அவளுக்குப் பக்கத்தில் இருந்த பையன் முழங்கையால் இடித்து, "பரவாயில்லைன்னு சொல்லு" என்று கிசுகிசுத்தான்.

எல்லோரும் காத்திருந்தோம்.

பொத்தான் எழுந்து நின்றாள். அந்தப் பள்ளியில் பேசுவதற்கு யாரும் எழுந்து நிற்பதில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "பரவாயில்லை மிஸ்" என்றாள்.

எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். அக்கா மட்டும் தட்டவில்லை. மிஸ் என்ற சொல்லை அவள் மட்டும்தான் சரியாகக் கேட்டிருந்தாள் என்று நினைக்கிறேன்.

திங்கட்கிழமை பொத்தான் வரவில்லை. அந்த வாரம் முழுவதும் வரவில்லை.

அக்காவை வண்டியில் ஏற்றிக்கொண்டு தையல் கடைக்குப் போனேன். ஒரு குறுகலான அறை. முன்னால் வெட்டுகிற மேசை, பின்னால் ஒரு திரை. திரைக்குப் பின்னாலிருந்து தையல் மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. தையல்காரம்மா வாயில் குண்டூசிகளை வைத்துக்கொண்டு துணியில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். அக்காவைப் பார்த்ததும் ஊசிகளை எடுத்து, ஊசி குத்துகிற பஞ்சுப்பொதியில் ஒவ்வொன்றாகக் குத்தினாள்.

"உட்காருங்க டீச்சர்."

"அவ ஏன் வரலைங்க? உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கா. இனிமே வரமாட்டேங்கிறா. அங்கே எல்லாரும் என்னையே பார்க்கிறாங்கம்மான்னு சொல்றா. வேற ஒண்ணும் சொல்லலை." அவள் துணியை மடித்தாள். "நீங்க நல்லவங்கதான் டீச்சர். கஷ்டமே அதான். கெட்டவங்களா இருந்தா ரெண்டு வார்த்தை திட்டிட்டாவது ஆறியிருப்பா."

தன் அண்ணன் இருக்கிற ஊருக்கே குடிபோகப் போவதாகவும், அங்கே கடைக்கு இடம் பார்த்தாயிற்று என்றும் சொன்னாள். அக்கா தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

"அவகிட்ட ஒரு நிமிஷம் பேசலாங்களா?"

திரைக்குப் பின்னால் மிஷின் நின்றது. திரை தரைவரை எட்டவில்லை. மிதிபலகைமேல் இரண்டு பாதங்கள் தெரிந்தன. ஒன்றன்மேல் ஒன்றை ஏற்றி, விரல்களை மடக்கிக்கொண்டு. தையல்காரம்மா திரையைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள். முடிவை அக்காவிடமே விட்டுவிட்டாள்.

அக்கா அந்தப் பாதங்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "வேண்டாங்க. தைக்கட்டும்" என்றாள். தன் போன் நம்பரைச் சொன்னாள். தையல்காரம்மா செல்போனில் ஏற்றிக்கொண்டாள். நாங்கள் தெருவில் இறங்கி வண்டியை எடுக்கும்வரை மிஷின் ஓடவில்லை. தெருமுனை திரும்பும்போதுதான் அது மறுபடி ஓட ஆரம்பித்தது. அல்லது அக்காவுக்கு அப்படிக் கேட்டது. "ஓடுதுடி" என்றாள். எனக்குக் கேட்கவில்லை.

அடுத்த மாதம் நான் கிளம்பிவிட்டேன். எத்தனையோ ஊர், எத்தனையோ வேலை, எத்தனையோ ரயில் மேல்படுக்கைகள். அக்கா எப்போதாவது போனில் பேசுவாள். வெள்ளிக்கிழமை வட்டத்தை நிறுத்திவிட்டார்கள் என்று ஒருமுறை சொன்னாள். யாராவது பிள்ளைக்கு ஏதாவது சொல்லவேண்டுமென்றால் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றும்போது வந்து சொல்கிறார்களாம். முகத்தைப் பார்க்கவேண்டியதில்லை, செடியைப் பார்த்துக்கொண்டே சொல்லலாம். மைனஸ் மைனஸ் ஏன் ப்ளஸ் என்பதற்கு ஒரு நல்ல விளக்கம் பிடித்துவிட்டேன் என்று இன்னொரு முறை சொன்னாள். ஏதோ ஊரில், இரைச்சலில், பாதிதான் கேட்டது. பொத்தானைப் பற்றி அவள் பேசமாட்டாள். நானும் கேட்கமாட்டேன்.

நான் திரும்பி வந்தது போன வருஷம். அம்மாவுக்கு முழங்கால் வலி, சாவியக்காவுக்குக் காது மந்தம். விதைக் கிடங்குக்கு மேல் இன்னொரு மாடி. அக்கா வகுப்பில் போய் உட்கார்ந்து பார்த்தேன். இப்போதெல்லாம் அவள் பலகைக்கு முன்னால் நிற்பதே இல்லை. பிள்ளைகளோடு கடைசி வரிசையில் உட்கார்ந்து, அவர்கள் போடுகிற கணக்கைத் தானும் ஒரு தாளில் போடுகிறாள். யாரையாவது கேள்வி கேட்டால், கேட்ட கையோடு தன் தாளைப் பார்த்துக் குனிந்துகொள்கிறாள். வகுப்பு ஒரே கூச்சல். எனக்குத் தலை வலித்தது.

"ஃபேன் சத்தமே கேட்கலையேக்கா."

"ஃபேன் ரிப்பேர்டி" என்றாள்.

கடைத்தெருவுக்கு அவளோடு போனால் நேரமாகும். தையல் கடை கண்ணில் பட்டால் நடை குறைந்துவிடும். துணி தைக்கக் கொடுக்க ஒன்றும் இருக்காது. இருந்தாலும் எட்டிப் பார்ப்பாள். உள்ளே யாராவது இளம்பெண் மிஷினில் உட்கார்ந்திருந்தால் முகம் தெரியும்வரை நிற்பாள். அப்புறம் ஒன்றுமே நடக்காததுபோல, வெங்காயம் வாங்கவேண்டும் என்பாள். கல்லூரிப் பெண்கள் கும்பலாகப் பேருந்தில் சிரித்துக்கொண்டு போனால் அந்தத் திசையில் தலை தானாகத் திரும்பும். அவளுடைய போனில் டவர் கிடைக்காது. பேசுவதென்றால் மொட்டைமாடிக்குப் போகவேண்டும். வேறு கம்பெனிக்கு மாறு, புது நம்பர் வாங்கு என்று நச்சரித்தேன்.

"இருக்கட்டும்" என்றாள். "இந்த நம்பர்தான் கொடுத்திருக்கேன்."

யாருக்கு என்று கேட்கத் தேவையிருக்கவில்லை. நான் ஊர் ஊராகப் போய் எதைத் தேடினேன் என்று இன்னும் எனக்குத் தெரியாது. அவள் இந்த ஊரைவிட்டு ஒரு நாளும் நகரவில்லை. ஆனால் என்னைவிடத் தூரத்தில் இருக்கிற எதையோ பார்த்துக்கொண்டே இத்தனை வருஷம் இருந்திருக்கிறாள். பொத்தானுக்கு இப்போது என்ன வயதிருக்கும் என்று நான் மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அக்கா அதை என்னைவிடச் சரியாகப் போட்டு வைத்திருப்பாள்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. மொட்டைமாடியில் போர்வைகளை அலசிக் காயப்போட்டுக்கொண்டிருந்தோம். ஒரு முனையை அவள் பிடிக்க, மறுமுனையை நான் பிடித்து முறுக்கினோம். சுவர்மேல் வைத்திருந்த அவளுடைய போனில் செய்தி வந்த சத்தம் கேட்டது.

"கை ஈரமா இருக்கு. யாருன்னு பாருடி. சாவியக்காவா இருந்தா வர்றேன்னு சொல்லு."

சாவியக்கா இல்லை. தெரியாத எண். செய்தி நீளமாக இருந்தது. முதல் வரியைப் படித்ததும் நான் அவளைப் பார்த்தேன். அவள் போர்வையைக் கையில் பிடித்தபடியே, "சத்தமா படி" என்றாள். படித்தேன்.

"மிஸ், நான் தையல் கடைப் பொண்ணு. அங்கே பொத்தான்னு கூப்பிடுவாங்க. உங்க நம்பர் அம்மா போன்ல இருந்துச்சு. நான் இப்ப லேப் டெக்னீஷியன் படிக்கிறேன். நேத்து எங்க மேடம் ஒரு பொண்ணுகிட்ட கிளாஸ்ல எல்லார் முன்னாடியும் ஸாரி கேட்டாங்க. எல்லாரும் கை தட்டினாங்க. அந்தப் பொண்ணு முகத்தை நான் மட்டும்தான் பார்த்தேன்னு நினைக்கிறேன். மிஸ், நீங்க அன்னிக்குச் செஞ்சது தப்பு. அத்தனை பேரையும் வச்சுக்கிட்டுக் கேட்டா நான் வேற என்ன சொல்ல முடியும்? நான் பரவாயில்லைன்னு சொன்னது பொய். குழாயடியிலயே கேட்டிருந்தா நல்லா இருந்திருக்கும். இதை ரொம்ப தடவை டைப் பண்ணி அழிச்சிருக்கேன். இன்னிக்கு அனுப்பறேன். இப்பவும் கொஞ்சம் பயமாத்தான் இருக்கு. உடனே பதில் போடாதீங்க மிஸ். மெதுவா போடுங்க."